நாலாவது அமுக்கலில் எழும் பெட்டி

ரயிலில் ஏசி வகுப்புக்கான தத்கல் முன்பதிவு காலை 10 மணிக்குத் திறக்கும். பழைய கம்ப்யூட்டர் இருக்கும் வீடுகளில் 9:30க்கே வேலையை ஆரம்பித்துவிடுவார்கள். சென்னைப் புறநகரான சிட்லபாக்கத்தில், ஏரியிலிருந்து இரண்டு தெரு தள்ளி, கீழ்த்தள வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். முன்னறை மூலையில் மேசை. மேசைக்கு அடியில், தரையில், இரண்டு செங்கல்லை அடுக்கிய அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. வீட்டுக்காரர் குனிந்து பட்டனை அமுக்குகிறார். விசிறி ‘விர்’ரென்று ஒரு சுற்று சுற்றி நின்றுவிடுகிறது. மறுபடி அமுக்குகிறார். விளக்கு மட்டும் எரிகிறது. மூன்றாவது தடவை அதுவும் இல்லை. சுவர் சுவிட்சை அணைத்து, பத்து வரை எண்ணி, திரும்பப் போட்டு நாலாவது தடவை அமுக்கினால், கோபம் தணிந்ததுபோல் எழுந்துகொள்கிறது. அதன்பின் ராத்திரி வரை ஒரு குறையும் இல்லை.

வீட்டில் யாரும் இதைப் பழுது என்று சொல்வதில்லை. ‘அது அப்படித்தான்’ என்பார்கள். ஒரு பக்கமாகச் சாய்த்துவிட்டு உதைத்தால்தான் கிளம்பும் ஸ்கூட்டரோடு குடும்பம் நடத்திய தலைமுறைக்கு நாலு அமுக்கு பெரிய விஷயமில்லை. ஆனால் ஸ்கூட்டர் கிளம்பாததற்கு ஒரு காரணம் இருந்ததுபோல இதற்கும் இருக்கிறது. விசிறி ஒரு சுற்றோடு நின்றது ஒரு தடயம். விளக்கு மட்டும் எரிந்தது இன்னொன்று. சுவர் சுவிட்சை அணைத்துப் போட்டதும் எழுந்தது மூன்றாவது. எழுந்தபின் நாள் முழுக்க ஒழுங்காக ஓடுவது எல்லாவற்றிலும் பெரிய தடயம். வீட்டுக்காரர் அதையே நல்ல சேதியாக எடுத்துக்கொள்கிறார்.

பெயர்களை முதலில் தீர்த்துக்கொள்ளலாம். நம்மூரில் அந்தப் பெட்டி முழுவதற்கும் ‘சிபியு’ என்று பெயர். உண்மையில் சிபியு என்பது பெட்டிக்குள் விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருக்கும், தீப்பெட்டி அகலச் சில்லு ஒன்றுதான். யாரையும் திருத்திப் பயனில்லை. கடைக்காரரே ‘சிபியுவைக் கொண்டு வாங்க’ என்றுதான் சொல்வார். அதேபோல், சுவர் மின்சாரத்தை உள்ளே வாங்கி மாற்றித் தரும் தகரப் பெட்டிக்கு உலகம் ‘பவர் சப்ளை’ என்று சொன்னாலும், ரிச்சி தெருவிலிருந்து தாம்பரம் மார்க்கெட் வரை அது ‘எஸ்எம்பிஎஸ்’தான். இந்த அத்தியாயமும் அப்படியே சொல்லும்.

மேசைக்கு அடியிலுள்ள அந்தச் சின்னப் பெட்டி எங்கிருந்து வந்திருக்கும் என்பதும் முக்கியம். தாம்பரம் சானடோரியத்தில் மெப்ஸ் தொழில் வளாகம், பழைய மகாபலிபுரம் சாலை நெடுக மென்பொருள் நிறுவனங்கள். அலுவலகங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கணினிகளை மொத்தமாகக் கழித்துக்கட்டும். துடைத்து, டிஸ்க் மாற்றி, ஸ்டிக்கர் ஒட்டி அவை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்கு வந்துசேரும். புதிதின் விலையில் ஒரு பகுதிக்கு நல்ல பெட்டி கிடைக்கும், வாங்குவது புத்திசாலித்தனம்தான். ஆனால் அந்தப் பெட்டி 25 டிகிரி ஏசியில் வளர்ந்தது. சிட்லபாக்கத்தில் மேசைக்கு அடியில், காற்றோட்டமில்லாத மூலையில், சித்திரை மாதத்து 35 டிகிரியில் வாழ வந்திருக்கிறது. இந்தப் பத்து டிகிரி வித்தியாசம் பின்னால் பேசும்.

இனி பட்டனுக்கு வருவோம். 1995க்கு முன் வந்த கணினிகளில் பெரிய சுவிட்ச் ஒன்று இருக்கும். ‘டக்’கென்று தட்டினால் 230 வோல்ட் நேராக உள்ளே போகும், திரும்பத் தட்டினால் அறுந்துவிடும். அந்த ஆண்டு இன்டெல் நிறுவனம் ஏடிஎக்ஸ் என்ற அமைப்பைக் கொண்டுவந்தது. அன்றிலிருந்து முன்பக்கப் பட்டன் சுவிட்ச் அல்ல, வெறும் காலிங் பெல். நீங்கள் மணி அடிக்கிறீர்கள். கதவைத் திறப்பதா வேண்டாமா என்று உள்ளே இருப்பவர் முடிவு செய்கிறார்.

அதற்கு உள்ளே ஒருவர் எப்போதும் விழித்திருக்க வேண்டும். அவர்தான் எஸ்எம்பிஎஸ்ஸின் ஒரு மூலையில் இருக்கும் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை சுற்று. ஊதா நிற ஒயர் வழியாக மதர்போர்டுக்கு எந்நேரமும் கொஞ்சம் மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்கும். பட்டன் அமுக்கப்பட்டதும் மதர்போர்டு பச்சை ஒயரைத் தரையோடு, அதாவது கறுப்பு ஒயரோடு இணைக்கும். ‘எழுந்திரு’ என்பதற்கு அதுதான் சைகை. உடனே எஸ்எம்பிஎஸ்ஸின் பெரிய பகுதி உயிர்பெற்று மஞ்சள் ஒயரில் 12 வோல்ட், சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3 என்று கொடுக்கத் தொடங்கும். எல்லாம் சரியான அளவில் நிலைத்துவிட்டதா என்று தானே பார்த்துக்கொண்டு, நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் அரை நொடிக்கும் இடைப்பட்ட நேரத்தில், சாம்பல் நிற ஒயரில் ‘எல்லாம் சரி’ என்று ஒரு சமிக்ஞை அனுப்பும். அது வரும்வரை சிபியு ஒரு கட்டளையையும் தொடாது. வரவில்லையென்றால் தொடவே தொடாது.

அந்த அரை நொடிதான் கணினியின் நாளில் மிகக் கஷ்டமான நேரம். எல்லா விசிறிகளும் நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்குகின்றன. பழைய வகை ஹார்டு டிஸ்க் இருந்தால் அதன் தட்டுகளைச் சுழற்றவே 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரை தேவைப்படும். சிபியுவின் பசி இன்னும் விசித்திரமானது. 65 வாட் சிபியு ஒன்று ஏறத்தாழ 1.1 வோல்ட்டில் வேலை செய்கிறது. கணக்குப் போட்டால் முழு வேகத்தில் சுமார் 60 ஆம்பியர். வீட்டிலுள்ள ஒன்றரை டன் ஏசி எடுப்பது ஏழெட்டு ஆம்பியர்தான். வோல்ட் குறைவு என்பதால் கையைச் சுடாது, ஷாக் அடிக்காது. ஆனால் அத்தனை ஆம்பியரைச் சிந்தாமல் சிதறாமல் கொடுக்க வேண்டிய பொறுப்பு நகக்கண் அளவிலிருந்து கட்டைவிரல் அளவு வரை உள்ள சில உருளைகளின் தலையில் விழுகிறது. கபாசிட்டர்கள்.

கதையின் நாயகனும் வில்லனும் அவைதான். தொடங்கும்போது திணறி, சூடானபின் சரியாக ஓடும் பெட்டியைக் கண்டால் அனுபவமுள்ள மெக்கானிக் கேட்கும் முதல் கேள்வி: ‘கபாசிட்டர் உப்பியிருக்கா?’

கபாசிட்டர் செய்யும் வேலையைச் சிட்லபாக்கத்துக்காரர்களுக்கு விளக்குவது சுலபம். லாரித் தண்ணீர் வருவது ஒரு நேரம், குழாயைத் திறப்பது இன்னொரு நேரம். நடுவில் மொட்டைமாடித் தொட்டி இருப்பதால் குழாயில் ஒரே சீராக விழுகிறது. எஸ்எம்பிஎஸ்ஸிலும் அப்படித்தான். சுவரின் 230 வோல்ட் மாறுமின்சாரம் உள்ளே போனதும் சுமார் 325 வோல்ட் நேர்மின்சாரமாகிறது. அதை நொடிக்குப் பல்லாயிரம் துண்டுகளாக நறுக்கி, சின்ன டிரான்ஸ்பார்மர் ஒன்றின் வழியே தள்ளி, 12 ஆகவும் 5 ஆகவும் இறக்குகிறார்கள். துண்டுதுண்டாக வருவதைத் தேக்கி ஒரே சீராக விடுவது கபாசிட்டர்.

இங்கேதான் மெக்கானிக்குகளையே ஏமாற்றும் ஒரு நுட்பம். கபாசிட்டர் கெடுவதென்றால் தொட்டி ஓட்டையாவது என்று நினைக்கத் தோன்றும். பெரும்பாலும் நடப்பது வேறு. போர்வெல் தண்ணீர் உள்ள வீடுகளில் நாலைந்து வருடத்தில் குழாய்க்குள் உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும். தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கும், ஆனால் ஷவரைத் திறந்தால் நூலாகச் சொட்டும். கபாசிட்டருக்குள்ளும் இப்படி ஓர் அடைப்பு வளர்கிறது. அதன் உள்தடையை ஈஎஸ்ஆர் என்பார்கள். சாதாரண மல்டிமீட்டரில் கொள்ளளவை அளந்தால் கபாசிட்டர் நல்லதாகவே தெரியும். தொட்டி நிறைந்துதானே இருக்கிறது. ஈஎஸ்ஆர் மீட்டர் வைத்துப் பார்த்தால்தான் அடைப்பு தெரியும். தெருமுனைக் கடைகள் எல்லாவற்றிலும் அந்த மீட்டர் இருக்காது.

ஒரு எலக்ட்ரோலிடிக் கபாசிட்டரை வெட்டிப் பிரித்தால் உள்ளே பாய் சுருட்டியதுபோல் அலுமினியத் தாள்களும், நடுவில் ஈரம் ஊறிய காகிதமும் இருக்கும். அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படலம் ஒன்று. ஒரு வோல்ட்டைத் தாங்க ஒன்றரை நானோமீட்டருக்கும் சற்றுக் குறைவான தடிமன் போதும். 16 வோல்ட் கபாசிட்டரில் அந்தப் படலம் தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. அதற்குள்தான் மின்சாரம் தேங்குகிறது. காகிதத்தின் ஈரமே மின்கடத்தி. அந்த ஈரம் வருடக்கணக்கில் ரப்பர் அடைப்பின் வழியே மெல்ல மெல்ல ஆவியாகிப் போகிறது. ஈரம் குறையக் குறைய உள்தடை ஏறுகிறது.

எவ்வளவு சீக்கிரம் காயும்? தெரிந்துகொள்ளச் சமையலறைக்குப் போனால் போதும். மார்கழியில் ஆட்டிய இட்லி மாவு பொங்க ராத்திரி முழுக்க ஆகும்; வைகாசியில் நாலைந்து மணி நேரத்தில் பாத்திரத்தை விட்டு வழியும். வெப்பம் ஏறினால் வேதிவினைகள் எந்தக் கணக்கில் வேகமெடுக்கின்றன என்பதற்கு 1889இல் சமன்பாடு எழுதியவர் சுவீடனின் ஸ்வான்டே அர்ரீனியஸ். கபாசிட்டர் செய்பவர்கள் அதை ஒரு கைக்கணக்காகச் சுருக்கி வைத்திருக்கிறார்கள்: 10 டிகிரி ஏறினால் ஆயுள் பாதி, 10 டிகிரி இறங்கினால் இரட்டிப்பு. உருளையின் மேல் ‘105 டிகிரி’ என்று அச்சிட்டிருக்கும். அந்த வெப்பத்தில் இத்தனை மணி நேரம் தாங்கும் என்று தயாரிப்பாளர் குறிப்பு சொல்லும். 2,000 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், 65 டிகிரியில் அது 32,000 மணி நேரம். 55 டிகிரியில் 64,000.

இப்போது அந்த ஏசி அலுவலகத்துக்கும் சிட்லபாக்கம் மூலைக்கும் உள்ள பத்து டிகிரியை நினைத்துப் பாருங்கள். அதே பெட்டி, அதே கபாசிட்டர், பாதி ஆயுள். அதிலும் ஸ்டாண்ட்பை சுற்று கணினி அணைந்திருக்கும்போதும் உழைக்கிறது. சுவர் சுவிட்சை அணைக்காவிட்டால் வருடத்தில் 8,760 மணி நேரமும். 32,000ஐ அதனால் வகுத்தால் நாலு வருடம்கூட வராது. காவல்காரர்தான் முதலில் கிழவராகிறார். பட்டனை அமுக்கினால் மூச்சுப்பேச்சே இல்லாத பெட்டிகள் பலவற்றில் செத்திருப்பது பெரிய பகுதி அல்ல, இந்தச் சின்ன ஸ்டாண்ட்பை சுற்று.

அப்படியானால் கோடையில்தானே கணினி மக்கர் செய்ய வேண்டும்? சேதம் நடப்பது கோடையில். வெளியே தெரிவது மார்கழியில். உள்ளே மிச்சமிருக்கும் ஈரம் குளிர்ந்தால் கெட்டியாகி மின்சாரத்தை இன்னும் மோசமாகக் கடத்தும். நல்ல கபாசிட்டருக்கு சென்னையின் 20 டிகிரி விடியல் ஒரு பொருட்டே இல்லை. நுனியில் தொங்கிக்கொண்டிருக்கும் கபாசிட்டருக்கு அந்தச் சின்னக் குளிரே போதும். முதல் அமுக்கில் மின்னழுத்தம் தடுமாறுகிறது, எஸ்எம்பிஎஸ் ‘எல்லாம் சரி’ என்று சொல்ல மறுக்கிறது, விசிறி ஒரு சுற்றோடு நிற்கிறது. ஆனால் அந்த முயற்சியிலேயே கபாசிட்டர் கொஞ்சம் சூடாகிவிடுகிறது. உள்தடை அதிகம் என்றால் சூடும் அதிகம். இரண்டாவது அமுக்கு இன்னும் கொஞ்சம் சூடேற்றுகிறது. நாலாவதில் எழுகிறது. எழுந்தபின் சூடு குறையாததால் ராத்திரி வரை ஓடுகிறது. கோபமும் இல்லை, மூடும் இல்லை.

இந்தச் சந்தேகத்தைச் சோதிக்க மெக்கானிக்குகள் ஒரு எளிய வித்தை வைத்திருக்கிறார்கள். காலையில், ஒருமுறைகூட அமுக்காத பெட்டியின் பின்பக்கக் காற்றுத் துளைகள் வழியே தலை உலர்த்தும் டிரையரால் இரண்டு நிமிடம் வெதுவெதுப்பாக ஊதுவது. ஒயரைப் பிடுங்கிவிட்டுத்தான். பிறகு செருகி அமுக்கினால் முதல் தடவையே எழுந்துகொண்டால் குற்றவாளி ஏறக்குறைய உறுதி.

கபாசிட்டரின் பெயர் உலகம் முழுக்க நாறிய காலமும் ஒன்று உண்டு. 1990களின் பிற்பகுதியில் ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் நீர் அதிகம் கலந்த புதுவகைத் திரவத்தைக் கபாசிட்டரில் பயன்படுத்தத் தொடங்கினார்கள். உள்தடை குறைவு, விலையும் குறைவு. நீரும் அலுமினியமும் சேர்ந்தால் ஹைட்ரஜன் வாயு கிளம்பும் என்பதால், அதைத் தடுக்கும் பொருட்களைப் பக்குவமாகக் கலந்திருந்தார்கள். அந்தச் செய்முறை திருடுபோய், அரைகுறையாகத் தைவானுக்குப் போய்ச் சேர்ந்தது என்று 2002இல் தொழில் பத்திரிகைகள் எழுதின. சமையல் குறிப்பைப் பார்த்து எழுதியவர் உப்பை எழுத மறந்த கதை மாதிரி. திருட்டுக் கதையில் எத்தனை உண்மை என்பது ஒருபுறம் இருக்க, 1999 முதல் சில ஆண்டுகளுக்குக் கோடிக்கணக்கான கபாசிட்டர்கள் வயிறு ஊதி, மேலே கீறப்பட்ட சிலுவைக் கோட்டில் பிளந்து, பழுப்பு நிறச் சாறு கக்கின என்பது நிச்சயம். அந்தச் சிலுவைக் கோடு அழகுக்காக அல்ல. வாயு சேர்ந்தால் உருளை வெடிக்காமல் அந்த இடத்தில் மெல்லப் பிளக்கட்டும் என்று வேண்டுமென்றே கீறப்பட்டது.

பெரிய நிறுவனங்களும் தப்பவில்லை. டெல் நிறுவனம் 2005இல், பழுதான கபாசிட்டர்கள் கொண்ட ஆப்டிப்ளெக்ஸ் கணினிகளைச் சரிசெய்ய 30 கோடி டாலர் ஒதுக்கியது. 2003 மே முதல் 2005 ஜூலை வரை அந்த ஆபத்துள்ள கணினிகள் 1 கோடியே 18 லட்சம் விற்றிருந்தன என்று பின்னர் ஒரு வழக்கின் ஆவணங்களில் வெளிவந்தது. அதே ஆப்டிப்ளெக்ஸ் வரிசையின் பின்னாள் வாரிசுகள்தான் இன்று ரிச்சி தெருவில் அடுக்கி வைத்திருக்கும் சின்னப் பெட்டிகளில் பல. இவற்றின் மதர்போர்டுகளில் இப்போது ஈரமே இல்லாத திட பாலிமர் கபாசிட்டர்கள் வந்துவிட்டன, அவை உப்புவதில்லை. ஆனால் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இன்னும் அதே ஈரக் காகிதச் சுருள்தான். ஆகவே இன்றைக்குச் சந்தேகத்தை முதலில் தகரப் பெட்டியின் மேல் வைப்பதே நியாயம்.

அதற்கும் முன்னால் சுவரைப் பார்க்க வேண்டும். பல வீடுகளில் கணினி சுவரில் நேராகச் செருகப்பட்டிருப்பதில்லை. சுவர், அதில் ஸ்பைக் பஸ்டர், அதில் யுபிஎஸ், அதில் இன்னொரு ஜங்ஷன் பாக்ஸ், கடைசியில் கணினி. நடுவில் எந்தச் சாக்கெட் தளர்ந்திருந்தாலும் ஓய்வில் இருக்கும்போது தெரியாது. தொடங்கும் அரை நொடியில் மின்சாரம் இழுக்கப்படும்போது தடுமாறும். சின்ன யுபிஎஸ்களில் இருக்கும் 12 வோல்ட் ஈய பேட்டரி நம் வெயிலில் இரண்டு மூன்று வருடம் தாங்கினால் அதிகம். பெட்டியை நேராகச் சுவரில் செருகினால் எழுகிறது, யுபிஎஸ் வழியாக எழவில்லை என்றால் கணினியைத் திறக்கவே வேண்டாம். ஐந்து நிமிடச் சோதனை. இதைச் செய்யாமல் ‘போர்டு போச்சு’ என்று புதுப் பெட்டி வாங்கியவர்கள் உண்டு.

மலிவான எஸ்எம்பிஎஸ் சிலவற்றின் பின்னால் 115, 230 என்று எழுதிய சின்னச் சிவப்பு சுவிட்ச் இருக்கும். அமெரிக்க மின்சாரத்துக்கும் நம்முடையதற்கும் பொதுவாகச் செய்தது. குழந்தைகள் விரலால் தள்ள அளவெடுத்துச் செய்தது போலிருக்கும். 115இல் வைத்து நம் சுவரில் செருகினால் உள்ளே மின்னழுத்தம் இரட்டித்து, ஒரு சத்தம், ஒரு நெடி, அவ்வளவுதான்.

இன்னும் சின்னதான மினி பிசிகளில் எஸ்எம்பிஎஸ் பெட்டிக்குள்ளேயே இருக்காது. லேப்டாப்புக்கு இருப்பதுபோல் 19 வோல்ட் அடாப்டர் வெளியே தொங்கும். ‘மீட்டர்ல 19 காட்டுது சார், அடாப்டர் நல்லாதான் இருக்கு’ என்ற வாக்கியத்தை நம்பக்கூடாது. சுமை இல்லாதபோது எந்தக் கிழட்டு அடாப்டரும் 19 காட்டும். பட்டனை அமுக்கும் கணத்தில் அது 12க்கு விழுகிறதா என்பதுதான் கேள்வி. அதே மாடலில் வேறொரு நல்ல அடாப்டரை மாட்டிப் பார்ப்பது மீட்டரைவிடச் சிறந்த சோதனை. ராஸ்பெரி பை என்ற கையளவுக் கணினியைச் செய்தவர்கள் இந்த நோயை நன்றாக அறிந்தவர்கள். 5 வோல்ட் சுமார் 4.63க்குக் கீழே போனால் திரையின் மூலையில் மின்னல் படம் காட்டும்படி அதைச் செய்திருக்கிறார்கள். பெரிய கணினிகளுக்கு அந்தப் பண்பு இல்லை.

இனி அந்தச் சுவர் சுவிட்ச் வித்தை. அணைத்துப் பத்து எண்ணினால் ஏன் எழுகிறது? முதல் முயற்சிகளில் மின்னழுத்தம் தாறுமாறானதும் எஸ்எம்பிஎஸ் தன்னைத்தானே பூட்டிக்கொள்கிறது. ஷார்ட் சர்க்யூட்டாக இருக்குமோ என்ற பயம். ஸ்டாண்ட்பை மின்சாரம் இருக்கும்வரை பூட்டு பூட்டுதான், எத்தனை மணி அடித்தாலும் திறக்காது. சுவரில் அணைத்தால் காவல்காரரும் தூங்கி, பூட்டு மறந்துபோகிறது. ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பட்டனை அரை நிமிடம் அமுக்கிப் பிடித்தால் மிச்சமிருக்கும் மின்சாரமும் வடிந்து இன்னும் சுத்தமாக விடுபடும். கடைக்காரர்கள் போனிலேயே சொல்லும் இந்த வைத்தியம் மூடநம்பிக்கை அல்ல. நோயை அது குணப்படுத்துவதில்லை, அவ்வளவே.

சுவர் சுவிட்சை ராத்திரி அணைத்துவிட்டுப் படுக்கும் நம் வழக்கத்துக்கு இன்னொரு விளைவும் உண்டு. ஸ்டாண்ட்பை சுற்றுக்கு ஓய்வு, அது நல்லது. ஆனால் அப்போது மணி பார்க்கும் வேலை, மதர்போர்டில் இருக்கும் எட்டணா அளவு பேட்டரியின் தலையில் விழுகிறது. அதன் பெயர் சிஆர்2032. பெயரிலேயே அளவு இருக்கிறது: 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். நொடிக்கு 32,768 முறை துடிக்கும் சின்னப் படிகம் ஒன்றை அது ஓட்டிக்கொண்டிருக்கும். இரண்டை 15 முறை பெருக்கினால் வரும் எண் அது. பதினைந்து முறை பாதியாக்கினால் சரியாக ஒரு நொடி. 3 வோல்ட் பேட்டரி இரண்டரைக்குக் கீழே இறங்கிவிட்டால் கணினி எழுந்தாலும் வருடம் பின்னால் போயிருக்கும். பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதி என்று உலாவி அலறும். ரயில்வே தளமும் திறக்காது, வங்கியும் திறக்காது. ‘இன்டர்நெட் வரலை’ என்று கேபிள்காரருக்குப் போன் போகும். செத்த பேட்டரியோடு எழவே மறுக்கும் போர்டுகளும் உண்டு. முப்பது நாற்பது ரூபாயில் தீரும் பிரச்சினை இது.

எஸ்எம்பிஎஸ் சரி, விசிறி நிற்காமல் ஓடுகிறது, திரை மட்டும் கறுப்பு என்றால் வழக்கு வேறு நீதிமன்றத்துக்குப் போகிறது. சிபியு விழித்ததும் முதலில் ஓடும் நிரல் பயாஸ். அது ரேமையும் திரையையும் தட்டிப் பார்த்து, குறை இருந்தால் ‘பீப்’ ஒலியால் சொல்லும். 1981இன் ஐபிஎம் பிசியிலேயே ஒரு சின்ன பீப் என்றால் ‘எல்லாம் நலம்’. அவார்டு நிறுவனத்தின் பயாஸில் ஒரு நீள பீப், இரண்டு குறும் பீப் என்றால் திரைச் சுற்றில் கோளாறு. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான கணினிகளில் இருக்கும் இன்னொரு பயாஸ், அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ் உடையது. சுப்ரமோனியன் சங்கர், பேட் சர்மா என்ற இருவர் 1985இல் தொடங்கிய நிறுவனம் அது. சென்னையிலும் அதற்கு அலுவலகம் உண்டு. ஆகவே சிட்லபாக்கத்தில் கேட்கும் பீப் அவ்வளவு அந்நியமானதல்ல. புதிய போர்டுகளில் அந்தச் சின்ன ஸ்பீக்கரையே விட்டுவிடுகிறார்கள், சோகம். ரிச்சி தெருவில் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளலாம்.

பீப் ரேமைக் காட்டினால் நம் மெக்கானிக்குகளின் புகழ்பெற்ற ஆயுதம் வெளியே வரும்: பென்சில் ரப்பர். ரேமைக் கழற்றி, தங்க நிறப் பற்களை ரப்பரால் தேய்த்து, ஊதி, திரும்பச் செருகினால் பெட்டி எழுந்துகொள்ளும். சென்னையின் ஈரக்காற்றும் தூசியும் சேர்ந்து பற்களின் மேல் மெல்லிய அழுக்குப் படலம் போடுவது உண்மை. ஆனால் பாதி குணம் கழற்றிச் செருகியதிலேயே வந்துவிடுகிறது. அந்தத் தங்கப்பூச்சு ஒரு மைக்ரானுக்கும் குறைவு. வருடம் இருமுறை ரப்பர் போட்டால் தங்கம் போய் நிக்கல் பல்லிளிக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பருத்தித் துணி போதும்.

நம் சிட்லபாக்கத்துப் பெட்டியின் தடயங்களை வரிசையாக வைத்தால் தீர்ப்பு ஒரே பக்கம் சாய்கிறது. விளக்கு எரிந்தது, ஆகவே ஸ்டாண்ட்பை உயிரோடு இருக்கிறது. விசிறி ஒரு சுற்றோடு நின்றது, ஆகவே ‘எல்லாம் சரி’ சமிக்ஞை வரவில்லை அல்லது பூட்டு விழுந்தது. சுவர் சுவிட்சுக்குப் பூட்டு திறந்தது. சூடானபின் குறையில்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் கபாசிட்டர். கடையில் நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை மாட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். அதுவும் காலையில், பெட்டி ஆறியிருக்கும்போது. மத்தியானம் கொண்டுபோனால் ஸ்கூட்டரில் வந்த வெயிலே அதைச் சூடாக்கி, கடையில் முதல் அமுக்கிலேயே எழுந்து மானத்தை வாங்கும். ஒரு நேரத்தில் ஒரு பாகத்தை மட்டும் மாற்றும் கடைக்காரரே நல்ல கடைக்காரர். ரேம், பேட்டரி, எஸ்எம்பிஎஸ் மூன்றையும் சேர்த்து மாற்றிவிட்டு ‘சரியாயிடுச்சு’ என்றால், எது கெட்டிருந்தது என்பது அவருக்கும் தெரியாது.

எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் வீட்டில் யாரும் பிரிக்க வேண்டாம். 325 வோல்ட் தேங்கிய பெரிய கபாசிட்டர், ஒயரைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் அதைக் கையில் வைத்திருக்கும். சில வகைகளில் 380க்கும் மேல். சூடு தேடி உள்ளே புகுந்த பல்லிகள் எப்படி முடிந்திருக்கின்றன என்பதை எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் சொல்வார்.

தரையில் வைத்த பெட்டிக்குச் சிட்லபாக்கத்தில் இன்னொரு எதிரி இருக்கிறது. 2015 டிசம்பர் 2 காலை அளவெடுத்தபோது, முந்தைய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 சென்டிமீட்டர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தாழ்வான தெருக்கள் மூழ்கின. அப்போதெல்லாம் முதலில் நனைவது மேசைக்கு அடியில் இருக்கும் ‘சிபியு’. தண்ணீர் மட்டும் கணினியைக் கொல்வதில்லை. தண்ணீரும் மின்சாரமும் சேர்ந்துதான் கொல்கின்றன. நீரைப் பிரிக்க 1.23 வோல்ட் போதும். அணைந்த கணினியிலும் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை இருக்கிறது, ஒயரைப் பிடுங்கினாலும் 3 வோல்ட் பேட்டரி இருக்கிறது. சேறு கலந்த ஈரத்தில் அந்த 3 வோல்ட் ராத்திரியெல்லாம் செப்புக் கோடுகளைத் தின்றுகொண்டிருக்கும். பித்தளைக் குத்துவிளக்கில் படிவது போன்ற பச்சைக் களிம்பு போர்டில் தெரிந்தால் அதுதான் நடந்திருக்கிறது. மழை விட்ட அன்றைக்கே ‘வேலை செய்யுதா பாப்போம்’ என்று செருகியவர்கள் மிச்சத்தையும் முடித்துவைத்தார்கள்.

நனைந்த பெட்டியைச் செருகவே வேண்டாம். முதலில் அந்தச் சின்ன பேட்டரியைக் கழற்றுங்கள். ஹார்டு டிஸ்க்கையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் எடுத்துத் தனியே வையுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரால் போர்டைக் கழுவி, நிழலில் நாலைந்து நாள் காயவிட்டு, பிறகு மெக்கானிக்கிடம் கொடுங்கள். பிழைத்த போர்டுகள் உண்டு.

இதெல்லாம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் பெட்டியும் நாலாவது அமுக்கில்தான் எழுகிறதென்றால், அடுத்த முறை எழுந்த உடனே டிக்கெட் எடுக்கப் போகாமல் முதலில் போட்டோக்களையும் பத்திரங்களையும் வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்துவிடுங்கள். ஐப்பசி பிறப்பதற்குள் பெட்டியைத் தரையிலிருந்து தூக்கி, பின்பக்கம் ஒரு சாண் இடம் விட்டு, மேசைமேல் வையுங்கள்.